சாயப்பட்டறைக்கு ஓர் ஆள்

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்தேன். முதல்முறை குற்றம் செய்தவர்கள் சிலரைச் சிறைக்கு அனுப்பாமல், நீதிமன்றம் எங்கள் கண்காணிப்பில் விடும். அவர்களுக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். ஆனால் யார் கொடுப்பார்கள்?

அப்படி வந்த ஒருவர் ஐயம்பேட்டைக்காரர். வாய்க்கால் தகராறில் பக்கத்து வயல்காரரின் கையை அடித்து உடைத்தவர். மனைவி நிறைமாதம். சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறைகளில் எல்லாம் ஏறி இறங்கினேன். ஒரே ஒரு முதலாளிதான் உட்காரச் சொல்லிப் பேசினார்.

"ஆளை எடுத்துக்கிறேன்மா. ஆனா போலீசு என் வாசலுக்கு வரக் கூடாது. என்னை நம்பித்தான் நெசவுக்காரங்க நூலு குடுக்கிறாங்க."

"அதுக்கு நான் பொறுப்பு" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

சில மாதங்கள் நன்றாகவே போயின. திடீரென்று அடுத்த தெருவில் பட்டு நூல் திருட்டு. போலீஸ்காரர்கள் நேரே பட்டறைக்கு வந்து, எல்லார் எதிரிலும் ஐயம்பேட்டைக்காரரை இழுத்துப் போனார்கள். தகவல் கிடைத்ததும் ஓடினேன். முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் வழியெல்லாம் நினைப்பு.

காவல் நிலையத்துக்குள் நுழைந்தால், எனக்கு முன்பே அங்கே முதலாளி! முழங்கை வரை அரக்குச் சாயம். வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்.

"நேத்து மத்தியானம் திருட்டுன்றீங்க. நேத்து பூரா இவன் என் எதிர்லதான் நூலு அலசிக்கினு இருந்தான். என் ஆளுங்க வெளிய நிக்கிறாங்க, கேட்டுப் பாருங்க சார்."

எட்டிப் பார்த்தேன். ஐயம்பேட்டைக்காரர் வேலைக்குச் சேர்ந்த அன்று, இவரோடு வேலை செய்ய மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டவர்கள்கூட நின்றிருந்தார்கள். நான் நீதிமன்ற உத்தரவை எடுத்து வைத்து, சந்தேகம் என்றால் முதலில் என்னைத்தானே கேட்டிருக்க வேண்டும் என்றேன். ஆட்களை விசாரித்துவிட்டு, "கூட்டிக்கினு போங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

வெளியே வந்ததும் ஐயம்பேட்டைக்காரர் முதலாளியின் காலில் விழுந்தார்.

"எழுந்திருபா. சாயக் கொப்பரையில நூலு கெட்டுப்போவுது, வா."

"போலீசு வராதுன்னு சொன்னேனே..." என்று இழுத்தேன்.

"வந்துட்டாங்க, இன்னா பண்றது? நான் போயி கூட்டியாந்துட்டேன் இல்ல?"

பிறகு முதலாளியே மற்ற பட்டறைக்காரர்களையும் ஆள் எடுத்துக்கொள்ளச் சொல்லி என் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். அரசாங்கம் ஓர் உத்தரவில் ஒருவரை வெளியே விட்டுவிடலாம், ஆனால் ஊருக்குள் சேர்த்துக்கொள்ள ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்; அப்படி ஒருவர் எங்கேயாவது இருப்பார் என்ற தெம்பில்தான் ஓய்வு பெறும்வரை கூச்சமில்லாமல் வேலை கேட்டு ஒவ்வொரு வாசற்படியாக ஏறினேன்.