மூன்றாவது மீட்டரில் ஒட்டிய ஸ்டிக்கர்

மூன்று வருடங்களுக்கு முன் கொல்கத்தாவில், விஸ்வகர்மா பூஜை முடிந்த மறுநாள் காலையில் நடந்தது இது. நகரத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு விமானப் பயிற்சி நிலையத்தில் நான் பராமரிப்பு இன்ஜினீயர். விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டே இருக்கை, ஒரே இன்ஜின். ஆனால் நான் கையெழுத்துப் போடாமல் அது கிளம்பாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

என்னோடு வேலை செய்பவர் ஒரு வங்காளி மெக்கானிக். நான் அவரை ‘தாதா’ என்பேன், அவர் என்னை ‘தீதி’ என்பார். இங்கே தாதா என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா. சென்னையிலிருக்கும் என் தங்கை போனில் இதைக் கேட்டுவிட்டு, “யாருடி அது, தாதாவோட வேலை செய்யறே?” என்று பயந்தே போனாள்.

பூஜைக்கு முந்தின வாரம் ஒரு விமானத்தின் மேல் புகார் வந்தது. அதன் இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு சுடுகிறது என்று காட்டத் தனித்தனியாகக் குட்டி மீட்டர். மூன்றாவது மீட்டர் மட்டும் சிவப்புக் கோட்டைத் தொட்டது, மற்ற மூன்றும் சமர்த்தாக இருந்தன. இப்படி ஒன்று மட்டும் எகிறினால் பெரும்பாலும் மீட்டர் பக்கம்தான் கோளாறு இருக்கும். ஒயர் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் சென்சார் கெட்டிருக்கும்.

அதை உறுதிசெய்ய ஒரு சுலபமான வழி உண்டு. மூன்றாவது மீட்டரின் சென்சாரைக் கழற்றி நான்காவது சிலிண்டரில் மாட்டுவோம், நான்காவதன் சென்சாரை மூன்றாவதில் மாட்டுவோம். அதன் பிறகும் மூன்றாவது மீட்டரே ஏறினால் அது பொய் சொல்கிறது. நான்காவது மீட்டர் ஏறினால் மூன்றாவது சிலிண்டர் நிஜமாகவே சுடுகிறது. “மூணையும் நாலையும் மாத்திப் பார்த்துடணும் தாதா” என்று போகிற போக்கில் அவரிடம் சொல்லியும் வைத்தேன்.

மழை, அது இது என்று வேலை தள்ளிப்போய், பூஜைக்கு முந்தின நாள் மாலை நானே உட்கார்ந்து மாற்றி மாட்டினேன். தாதா பூஜைச் சாமான் வாங்கப் போயிருந்தார். செய்ததை உடனே நோட்டில் எழுதிவிட வேண்டும். நோட்டு எங்கே? பூஜை மேடையில்!

அதை வைத்தவளும் நான்தான். இங்கே விஸ்வகர்மா பூஜைக்கு ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் வைப்பார்கள். புத்தகமும் நோட்டும் சரஸ்வதி பூஜைக்குத்தான், அது வேறு மாதத்தில் வரும். நமக்கு ஆயுத பூஜையும் சரஸ்வதி பூஜையும் ஒரே நாள் அல்லவா, அந்தப் பழக்கத்தில் வேலை நோட்டுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு மதியமே மேடையில் ஏற்றிவிட்டேன். சாமி முன்னால் வைத்ததைப் பூஜை முடிவதற்குள் எடுத்து எழுத மனசு வரவில்லை. ஒரு துண்டுத் தாளிலாவது கிறுக்கியிருக்கலாம். அதுதான் என் தலையில் இருக்கிறதே என்ற திமிர்.

மறுநாள் பூஜை. கிச்சடி சாப்பிட்டோம், வானம் நிறையப் பட்டம் பார்த்தோம், ஸ்பேனரை யாரும் தொடவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஜாதவ்பூரில் இருக்கும் வீட்டிலிருந்து நான் வந்து சேரவே ஒன்பது மணியாகிவிட்டது. இன்ஜின் மூடியெல்லாம் போட்டு விமானம் தயாராக நின்றது. “எல்லாம் ஆச்சா தாதா?” என்று இந்தியில் கேட்டேன். “ஆச்சு தீதி” என்றார். என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. தரையிலேயே நிறுத்தி இன்ஜினை வேகமாக ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது மீட்டர்தான் ஏறியது. சரி, பொய்தான் என்று முடிவு கட்டினேன். அந்த மீட்டர் இல்லாமலும் பறக்க விதியில் இடமுண்டு. ‘வேலை செய்யவில்லை’ என்று ஸ்டிக்கரில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதன் முகத்தில் ஒட்டினேன். விமானம் பறக்கலாம் என்கிற தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.

அன்று அதில் போக வேண்டியவள் எங்களிடம் விமானம் ஓட்டப் பழகும் மாணவி, துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு தமிழரின் மகள். தனியாகப் போகும் முதல் நீண்ட பயணம், மழையால் நான்கு முறை தள்ளிப்போயிருந்தது. ஏறுவதற்கு முன் ஸ்டிக்கரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, இது பக்கா பொய்தானே? நான் போகலாம்ல?”

“மீட்டரை நம்பாதேம்மா, என்னை நம்பு” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே கிளம்பினாள். நான் உள்ளே வந்து நோட்டை எடுத்து, ‘பூஜைக்கு முந்தின நாள் மாலை: மூன்று, நான்கு சென்சார் மாற்றப்பட்டது’ என்று எழுதினேன். தன் வரியை எழுத வந்த தாதா அதைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“முந்தாநாளா? நான் இன்னிக்குக் காலையிலதானே மாத்தினேன், தீதி?”

நான் மாற்றியதை அவர் மறுபடி மாற்றியிருக்கிறார். அதாவது எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது! நான் செய்த சோதனை சோதனையே இல்லை. மீட்டர் உண்மையைக்கூடச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் அதற்குள் ஓடுபாதை முனைக்குப் போய்விட்டாள். கண்ட்ரோல் அறைக்குப் போன் போட்டு, “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்தினேன். எந்த விமானம் என்று சொல்லக்கூட மறந்துவிட்டேன், தாதா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிச் சொன்னார்.

விமானம் திரும்பி வந்தது. அவள் இறங்கி, ஹெட்செட்டை இருக்கையில் எறிந்துவிட்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஆனால் வேறு காரணத்துக்கு.

இந்த முறை தாதாவும் நானும் சேர்ந்து நின்று சென்சார்களை மாற்றினோம், முதலில் நோட்டில் எழுதிவிட்டு. ஓட்டினோம். நான்காவது மீட்டர் ஏறியது. மூன்றாவது சிலிண்டர் நிஜமாகவே கொதித்துக்கொண்டிருந்தது.

மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. தாதாதான், “மூடிட்டுப் பார்ப்போம்” என்று சொல்லி, முன்பக்கம் காற்று புகும் ஓட்டை வழியாக டார்ச் அடித்தார். காற்று வெளியே ஓடாமல் சிலிண்டர் மேல் படுவதற்காக ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அது பழசாகித் தளர்ந்து, மூடியைப் போட்டதும் தப்புப் பக்கம் மடிந்துகொண்டது. மூன்றாவது சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அந்த இடைவெளியில் வீணாகப் போனது. பட்டையை மாற்றியதும் நான்கு மீட்டரும் ஒழுங்காக நின்றன. அன்று அவள் அந்தச் சூட்டோடு ஒரு மணி நேரம் பறந்திருந்தால் வழியிலேயே இன்ஜின் நின்றிருக்கலாம். அவளை எச்சரிக்க இருந்த ஒரே மீட்டரையும் நான் மூடி வைத்திருந்தேன்.

நடந்ததை மேலதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அவள் பறந்தாள். ஏறியதும் மூன்றாவது மீட்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் நோட்டை விரித்து அவளிடம் நீட்டினேன். ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் இன்ஜினைக் கிளப்பினாள்.

மீட்டரிலிருந்து உரித்தெடுத்த அந்த ஸ்டிக்கர் இன்றும் என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. ‘என்னை நம்பு’ என்று யாரிடமாவது சொல்ல நாக்கு துடிக்கும்போதெல்லாம் அதில் இருக்கும் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, ‘வா, சேர்ந்தே பார்த்துவிடலாம்’ என்று சொல்லிக் கூட்டிப்போகிறேன்.