பெர்சிதாவின் சாவு ரக்கியா

நிலவறைக் கதவில் பூட்டு தலைகீழாகத் தொங்கியது. பெர்சிதா ஒருநாளும் அப்படி மாட்டியதில்லை. முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டு பன்னிரண்டு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். பையை முற்றத்திலேயே போட்டுவிட்டு, ஊன்றுகோலை ஊன்றிப் படியிறங்கினாள்.

உள்ளே முசுக்கட்டை மரப் பீப்பாய். அதன் வயிற்றில் இரண்டு விரலால் தட்டினாள். பிரெஸ்னா சுகாதார நிலையத்தில் முப்பத்திநாலு வருஷம் நோயாளிகளின் நெஞ்சைத் தட்டிப் பார்த்த விரல்கள். எங்கே நீர் கோத்திருக்கிறது, எங்கே வெறும் காற்று என்று சத்தத்திலேயே அவற்றுக்குத் தெரியும். மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். அடியில் கடைசி நாலு விரற்கடைக்கு வந்தபோதுதான் சத்தம் மாறியது. அதுவரை வெறும் காற்று.

முப்பது லிட்டர் இருந்தது, பிளம் பழத்தில் காய்ச்சிய ரக்கியாச் சாராயம். பத்தொன்பது வருஷம் மரத்துக்குள் கிடந்து தேன் நிறம் ஏறியது. அவள் சாவுக்கென்று வைத்திருந்தது.

பிரெஸ்னாவில் வயதானவர்கள் தங்கள் சாவுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்து வைத்துக்கொள்வார்கள். உடுத்திவிடத் துணி, மெழுகுவர்த்தி, ரக்கியா. பிள்ளை பெற்றவர்கள் கொஞ்சம் அசட்டையாக இருக்கலாம். பெர்சிதாவுக்குப் பிள்ளை இல்லை. கணவன் ஒப்ராத் ஒரு ஜூலை மாதம் வயலில் விழுந்து செத்தபோது வீட்டுப் பீப்பாய் காலி. நகரத்துக் கடையிலிருந்து புட்டிகள் வந்தன. குழியருகே செத்தவருக்காக ஒரு சொட்டு மண்ணில் விட்டுவிட்டு மிச்சத்தைக் குடிப்பது வழக்கம். அன்று பெட்டி தூக்கிய ஆறு பேரும் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, கிளாஸ் முழுவதையும் மண்ணில் ஊற்றினார்கள். அந்த ஊற்றல் அவள் காதில் பத்தொன்பது வருஷமாக விழுந்துகொண்டிருந்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே அவள் தன் பீப்பாயை நிரப்பினாள்.

கோழிக்குத் தீனி போடுவதற்காகச் சாவியை வாங்கி வைத்திருந்த தம்பி மகன் ரதோமிர், பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே படியில் வந்து நின்றான். ஊர்க் கலாசார மன்றத்துக்கு அவன்தான் பொறுப்பு.

"யாருடா குடிச்சது?"

"அத்தை, முதல்ல உக்காருங்க. போன சனிக்கிழமை பாரம்பரிய ரக்கியா விழா நடந்துச்சு. தலைநகரத்துல இருந்தெல்லாம் வந்திருந்தாங்க. உங்க பேரைச் சொல்லித்தான் ஊத்தினேன். அப்படிக் கை தட்டினாங்க."

"அது எதுக்கு வெச்சிருந்ததுன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும் அத்தை. ஆனா உங்களுக்கு இன்னும் இருபது வருஷம் கிடக்கு. சாவுக்கு வர்றவன் அழுதுட்டே குடிப்பான், அவனுக்கு ருசியா தெரியப்போகுது? நம்ம ஊர்ல இதைவிட ஒசந்த சரக்கு வேற இல்ல. அதான்."

"கிளாஸை இடிச்சுக்கிட்டீங்களா?"

ரதோமிர் பையைத் தோள் மாற்றினான். சாவு ரக்கியாவில் கிளாஸை இடிக்கக் கூடாது.

"வாயைத் திற. இடிச்சீங்களா?"

"விழாதானே அத்தை. 'நல்லா வாழணும்'னு எல்லாரும்..."

"நான் செத்ததுக்கு ஊத்த வேண்டியதை வெச்சு நல்லா வாழணும்னீங்க. பாரம்பரியம்னு மைக்கைப் புடிச்சு எவ்வளவு நேரம் பேசினே?"

"நாப்பது நிமிஷம்."

"அதுல ஒரு நிமிஷம் எனக்கு போன் போட்டிருக்கலாம்."

அவளுக்கு அந்த ரக்கியா மேல் பக்தியெல்லாம் கிடையாது. காய்ச்சல் கண்ட குழந்தையின் பாதத்தில் அதைத் தடவியிருக்கிறாள், அதைக் கொண்டே செத்தவர்களைக் குளிப்பாட்டியிருக்கிறாள், குடித்துக் கல்லீரல் வீங்கியவர்களைப் புரட்டிப் போட்டுத் துடைத்திருக்கிறாள். அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அதனால்தான் இத்தனை கோபம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேவாலய வாசலில், ஆண்கள் கூடி நிற்கும் மரத்தடிக்குப் போனாள். ரதோமிரின் போனைப் பிடுங்கி வைத்திருந்தாள். விழாப் படங்கள் அதில் இருந்தன.

"என் சாவுக்குக் குடிச்சவங்க யார் யாரு?"

பக்கத்து வீட்டு க்வோஸ்தென் தொண்டையைச் செருமினார். ஒப்ராதின் பெட்டியை முன்னால் பிடித்தவர். எழுபதைத் தாண்டியும் தோள் இறங்கவில்லை.

"நர்ஸம்மா, கோவிச்சுக்காதே. நூறு பேர் சேர்ந்து 'நல்லா வாழணும்'னு சொல்லியிருக்கோம். உனக்கு ஆயுசு கெட்டிதான்."

"நீ எத்தனை கிளாஸ்?"

"ரெண்டு."

"படத்துல நாலு தெரியுது."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அவரையும் ஒரு படத்தில் காட்டினாள். சிரிப்பு நின்றது. இன்னும் நாலு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"இந்த ஊர்ல பெட்டி தூக்குறவன் காசு வாங்க மாட்டான், ரக்கியாதான் குடிப்பான். நீங்க ஆறு பேரும் குடிச்சாச்சு. நாளைக்குக் காலையில வந்து தூக்குங்க."

"யாரை?" என்றார் க்வோஸ்தென்.

"என்னைத்தான். மேட்டுத் தோட்டத்துல பிளம்ஸ் காம்புகிட்ட சுருங்கியாச்சு. இந்த வாரம் உதிர்க்கலேன்னா எல்லாம் குளவிக்குத்தான். புது மூட்டு, அந்த மேடு எனக்கு ஏறாது."

திங்கட்கிழமை வந்தார்கள். சமையலறை நாற்காலியில் இரண்டு கழிகளைக் கட்டி அவளை உட்கார வைத்துத் தூக்கினார்கள். பத்தடி போனதும் நிறுத்தச் சொன்னாள்.

"எறக்கு. பொணம் மாதிரி காலை முன்னால விட்டுத் தூக்குறீங்களே, அது அப்புறம். திருப்பிப் புடி."

திருப்பிப் பிடித்தார்கள். ஊரைப் பார்த்துக்கொண்டே பின்புறமாக மேடேறினாள். வழியெல்லாம் திட்டினாள். நாற்காலி ஒருமுறை சாய்ந்தது.

"இப்படி ஆட்டினா பெட்டியில இருக்கும்போதே எந்திரிச்சு நடந்துருவேன்."

க்வோஸ்தெனுக்குச் சிரிப்பில் பிடி நழுவப் பார்த்தது.

பழம் மூன்று வாரம் தொட்டியில் கிடந்து நொதித்தது. க்வோஸ்தெனின் செம்புக் கொப்பரை வந்தது. அடுப்புக்கு ரதோமிரை உட்கார வைத்தாள். தீ சற்று எழும்பினாலும் ஊன்றுகோல் அவன் கணுக்காலைத் தொட்டது. குழாயில் முதலில் சொட்டியதை அவன் விரலில் ஏந்தப் போனான்.

"அது உள்ளுக்கு ஆகாது. கண்ணு போயிரும். பாரம்பரியத்தைப் பத்திப் பேசினியே, இதைச் சொன்னியா?"

"இல்ல அத்தை."

முதல் சொட்டை உடம்பில் தேய்க்கத் தனிப் புட்டியில் ஒதுக்கினாள். எல்லாவற்றையும் இரண்டாம் முறை காய்ச்சி எடுத்தபோது, சிறு புட்டியில் கொஞ்சம் பிடித்துக் குலுக்கினாள். ஓரத்தில் நுரை மணி மணியாகக் கோத்து நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. அது நன்றாக இருந்தது என்று அர்த்தம்.

இருபத்திரண்டு லிட்டர். நீர் போலத் தெளிவு. பீப்பாயில் ஊற்றி மூடியதும் ரதோமிர் கையைத் துடைத்துக்கொண்டான்.

"சரியாப்போச்சா அத்தை?"

பெர்சிதா பீப்பாயை இரண்டு விரலால் தட்டினாள்.

"எங்கடா சரியாப்போச்சு? இது மஞ்சளாகவே ஏழு வருஷம் ஆகும். இந்தப் பச்சைச் சரக்கை வெச்சுக்கிட்டு நான் எப்படிச் சாகறது? இன்னும் ஏழு வருஷம் இந்த முட்டியை இழுத்துக்கிட்டு நடக்கணும், எல்லாம் உன்னால."

பூட்டை நேராக மாட்டினாள். சாவியை அவனிடம் கொடுக்கவில்லை.