அது சதை இல்ல, தண்ணி

வாசு அண்ணன் போயிட்டார். இன்னைக்குக் காலைல, சேக்காட்டுல அவர் வீட்டுலயே. ஹார்ட்.

அம்பத்தூர் எஸ்டேட்ல எங்க கம்பெனி லேத் ஆபரேட்டர். பதினொரு வருஷம் அவர் கடைஞ்ச பீஸை எல்லாம் அளந்து பாஸ் பண்ணது நான்தான். ரிஜெக்ட் பண்ணாலும் முகம் சுளிக்காம வாங்கிட்டுப் போவார்.

காலைல இருந்து கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ல ஒரே பாட்டு... "போன வாரம் கம்பெனிக்கு வந்தப்போகூட நல்லாத்தானே இருந்தார்."

நல்லா இருந்தாராம். ஷூவுக்குள்ள கால் நுழையாம செருப்பை இழுத்துட்டு வந்தவர். கண்ணை எதுக்கு வச்சிருக்கீங்கன்னு தெரியல.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அண்ணனுக்குக் கிட்னி போய் மூணு வருஷம். வீட்டுலயே டயாலிசிஸ்... வயித்துல ஒரு குழாய், அது வழியா பையில இருக்கற மருந்துத் தண்ணியை உள்ள விட்டு, சில மணி நேரம் கழிச்சு வெளிய எடுக்கணும். தினம் நாலு தடவை. காலைல எடை பார்த்து நோட்டுல எழுதணும்.

இதெல்லாம் சொல்லிக் கொடுத்த அன்னைக்கு மல்லிகா அண்ணிக்குத் துணையா நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நர்ஸ் தெளிவா சொன்னாங்க. "எடை மளமளன்னு ஏறினா அது சதை இல்ல, தண்ணி. ரத்தக் குழாய் ஏற்கெனவே விறைச்சுப் போயிருக்கு, இதயம் தாங்காது. உடனே போன் பண்ணுங்க."

ஆனா நம்ம ஜனங்களுக்கு இளைச்சா வியாதி, உப்பினா ஆரோக்கியம். என்ன ஒரு அறிவு...

ஆடியில அண்ணன் தெருவுல அம்மனுக்குக் கூழ் ஊத்தினப்போ நானும் அங்க இருந்தேன். அண்ணியோட தம்பி, மாங்காட்டுல மனை விக்கிறவர், பெரிய சொம்புல கூழும் தட்டு நிறைய கருவாட்டுக் குழம்பும் கொண்டாந்து நீட்டினார். உப்பும் தண்ணியும் அளவாத்தான் தரணும்னு அண்ணி கெஞ்சினாங்க.

அந்தப் பெரிய மனுஷன் அக்காவை ஓரமா தள்ளிட்டு, "இன்னா மாமா, ஆளு சும்மா பூசினாப்ல கீற... டாக்டரு கெடக்கறான், நீ குடி"ன்னார். சுத்தி நின்ன கூட்டமும் ஆமா ஆமான்னுச்சு.

அண்ணன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். ரெண்டு சொம்பு குடிச்சார்.

அவர் மேலயும் கோவம்தான் வருது. கொஞ்ச நாளா எடையைக் குறைச்சுக் குறைச்சு நோட்டுல எழுதியிருக்கார்... அண்ணி இன்னைக்குத்தான் சொன்னாங்க. போன் பண்ணா திரும்ப இளைக்க வச்சிடுவாங்கன்னு பயமாம்.

என்கிட்ட ஒரு பீஸுக்குக்கூட பொய் அளவு எழுதாத மனுஷன்.

இப்ப அந்த மச்சினன் வாசல்ல நின்னு, நல்லா தேறி வந்த ஆளு, எவன் கண்ணோ பட்டுடுச்சுன்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காராம். த்தூ.

அவரை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கற மாதிரி கேட்கணும்னுதான் இதை எழுத ஆரம்பிச்சேன். கூடப் போட ஒரு போட்டோ வேணுமேன்னு அண்ணனோட பேஜுக்குப் போனேன்.

போன மாசம் போட்ட படம். கன்னம் உப்பி, கண்ணு இடுங்கி... பார்த்தாலே தெரியுது.

கீழ முதல் கமெண்ட். "சூப்பர் அண்ணே, பழைய ஃபார்முக்கு வந்துட்டீங்க."

போட்டது நான். அதுக்கு அவர் ஹார்ட் போட்டிருக்கார்.

நாலு மணிக்கு எடுக்கறாங்களாம்... வந்துட்டு இருக்கேன் அண்ணே.