திவேஆகர் முதல் ஹரிஹரேஷ்வர் வரை: பேச்சி தேர்ந்தெடுத்த கடற்கரைகள்

நான் பிறந்தது தாராவியில், வேலை பார்ப்பது செம்பூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில். நாற்பத்து மூன்று வயதுவரை கடல் என்றால் எனக்கு ஜுஹுவும் சௌப்பாத்தியும்தான். என் மனைவி பேச்சியம்மாள் ஸ்கூல் பை தைக்கும் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறாள். இரண்டு வருடமாக மாநகராட்சி நீச்சல் குளத்துக்குப் போய் நீச்சல் கற்றுக்கொண்டாள். "குளத்துல நீந்துனது போதும், ஒருதடவ கடல்ல எறங்கணும்" என்றாள். டிசம்பரில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்தது. பைக்கில் கிளம்பிவிட்டோம்.

எந்தக் கடற்கரை என்று முடிவு செய்யும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் போனில் படங்களாகப் பார்த்து ஒன்பது இடங்களைக் குறித்து வைத்தேன். பேச்சி அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இதுல எதுல எறங்கிக் குளிக்கலாம்?" நான் பார்த்தது படங்களை மட்டும்தான்.

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். பன்வேல், பேண், அலிபாக் வழியாகக் காஷித் போய்ச் சேர ஒன்பதரை. ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வெள்ளை மணல், அழகான இடம்தான். ஆனால் மோட்டார் படகு, ஒட்டகம், கூட்டம்! டீ குடித்துவிட்டு நகர்ந்தோம். முருட் தாண்டி அகர்தண்டாவில் ஜங்கார் என்கிற பெரிய படகில் பைக்கையும் ஏற்றிக்கொண்டு திகிக்குப் போனோம். பைக்குக்கும் இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றுப் பத்து ரூபாய். அங்கிருந்து திவேஆகர் அரைமணி நேரம். சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு வீட்டில் ரூம், 1,400 ரூபாய். மாலையில் காற்று மணலை வாரி முகத்தில் அடித்ததால் அன்று கால் மட்டும் நனைத்தோம்.

மறுநாள்தான் சொல்லவேண்டிய நாள். திவேஆகரிலிருந்து ஸ்ரீவர்தன் போகும் கரையோரச் சாலை கடலை விட்டு விலகாமல் வளைந்து வளைந்து போகிறது. ஒரு பக்கம் குன்று, மறுபக்கம் கறுத்த பாறைகள். வழியில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சின்னக் கடற்கரை. இரண்டு பாறைகளுக்கு நடுவே நிலாப்பிறை மாதிரி மணல். என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். காலை ஒன்பது மணி, ஆளே இல்லை. இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவில் மட்டும் ஒரு பட்டை தண்ணீர் அமைதியாகக் கிடந்தது.

"இங்கதான் எறங்கணும் பேச்சி. நடுவுல பாரு, அலையே இல்ல."

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அலை இல்லாம இருக்கதுதான் எனக்குச் சரியாப் படல" என்றாள். மேட்டில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், பாதி மராட்டியும் பாதி இந்தியுமாகக் கேட்டாள். அந்த அம்மா நடுப்பட்டையைக் கையால் காட்டி, "திக்டே ஜாவூ நகா" என்றார். அங்கே போகாதீர்கள்.

"கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அது வழியாத்தான் திரும்பிப் போவுதாம். குளத்துல எங்க டீச்சரும் இதையேதான் சொன்னாங்க."

எனக்கு ஏமாற்றம். பைக்கில் ஏறப் போகும்போது ஒரு கார் வந்து நின்றது. புனேயிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஒருவன் ஓடிப்போய் அந்த நடுத்தண்ணீரில் விழுந்தான். கொஞ்ச நேரம் சிரித்தான். அப்புறம் கரையைப் பார்த்து நீந்தினான். நீந்த நீந்தப் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

நண்பன் சட்டையைக் கழற்றிக்கொண்டு பாயப்போனான். பேச்சி அவன் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "இப்ப ஒருத்தரத்தான் காப்பாத்தணும், ரெண்டு பேராக்கிடாத!" என்று இந்தியில் கத்தினாள். பிறகு என்னிடம், "என்னங்க, லக்கேஜ் கயிறு, தண்ணி கேன், ஓடுங்க!"

அவள் குரல் காற்றில் அவன் பக்கம் போகவே இல்லை. உடனே சிவப்பு துப்பட்டாவை உருவி, தலைக்கு மேல் வீசிக்கொண்டே கரையோடு இடப்பக்கமாக ஓடினாள். ஓடுவாள், நிற்பாள், 'இந்தப் பக்கம் வா' என்று காட்டுவாள். அவனுக்கு எப்போது புரிந்ததோ தெரியாது, கரையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் நீந்த ஆரம்பித்தான். அலை உடையும் இடத்துக்கு வந்ததும் அலையே அவனை உள்ளே தள்ளியது. காலி ஐந்து லிட்டர் கேனைக் கயிற்றில் கட்டி அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசினாள். மறுமுனையை நானும் அந்த நண்பனும் பிடித்திருந்தோம். மூன்றாவது வீச்சில் அவன் பிடித்துவிட்டான்.

மணலில் கிடந்து வாந்தி எடுத்தான். எழுந்ததும் பேச்சியின் காலைத் தொடப்போனான். "அதெல்லாம் வேண்டாம், வீட்டுக்கு ஒரு போன் போடு" என்றாள். மீன்கார அம்மா இறங்கி வந்து பேச்சியின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். நான் கயிற்றைச் சுருட்டிக் கேனோடு சேர்த்து பைக்கில் கட்டினேன்.

அன்று மாலை ஸ்ரீவர்தனில், நீளமான தட்டையான கடற்கரையில், ஊர்க்காரர்கள் குளிக்கும் இடம் எது என்று விசாரித்துவிட்டு அவள் இறங்கினாள். மார்பளவு ஆழத்தில், கரைக்கு இணையாக, இருபது நிமிடம் நீந்தினாள். அங்கே எங்களுக்கு ரூம் கொடுத்தவர் கரையில் நின்று, "மீன்பிடிக் குடும்பமா?" என்று கேட்டார். "இல்ல, பை தைக்கிறாங்க" என்றேன். அவர் நம்பவில்லை.

சனிக்கிழமை காலை இருபது கிலோமீட்டர் தள்ளி ஹரிஹரேஷ்வர். கோயிலுக்குப் பின்னால் படிகளில் இறங்கினால் அலை அரித்து அரித்துத் துளை துளையாகிப்போன பாறைகள். காற்று ஆளைத் தள்ளுகிறது. இது பார்ப்பதற்கு மட்டும். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் மட்டுமே பாறைக்குப் போங்கள். அங்கிருந்து மாண்காவ் வழியாகத் தாராவிக்கு ஏழு மணி நேரம்.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். திகிப் படகின் கடைசி நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம், தண்ணீரில் இறங்குவதை அந்த ஊர் ஆட்களைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று கடையில் இப்போது யாராவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. பேச்சிக்கு போன் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.