சூசைமாணிக்கம் சாரின் கடைசி எண்

2004 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் செய்தி வந்தது: நம் பள்ளியில் கணிதம் கற்பித்த சூசைமாணிக்கம் காலமாகிவிட்டார். நண்பர்கள் சிலர் புதன் என்று சொல்லி வருகிறார்கள். புதன், அடக்கம் நடந்த நாள்.

ஓய்வுபெற்றபின், 1999இல் மகன் வாங்கித் தந்த கணினியில் அவர் பெரிய பகா எண்களைத் தேடத் தொடங்கினார். இரண்டை இரண்டால் மீண்டும் மீண்டும் பெருக்கி, முடிவில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண்களில், தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் வகுபடாதது மிக அரிது. உலகெங்கும் பலர் அவ்வெண்களைப் பங்கிட்டுச் சோதித்தார்கள். திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்து இவர் ஒருவரே.

ஓர் எண்ணைச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். பகா எண் இல்லை என்று கணினி சொல்லும். எதனால் வகுபடும் என்று சொல்லாது. அதே பள்ளியில் வரலாறு நடத்திய எனக்கு இது பொறுக்கவில்லை.

“தீர்ப்பு மட்டும் சொல்றீரு, குத்தம் என்னன்னு சொல்ல மாட்டேங்குறீரே சார்?” என்றேன்.

“ஒங்க ராசாக்க மட்டும்? செத்த வருசம் தெரியும். எதுக்குச் செத்தான்னு கேட்டா முழிக்கிறீக.”

அவரது முதல் எண் பகா எண் இல்லை. ஆனால் இத்தேடலில் ஒரு முறை உண்டு: ஒருவர் கண்ட விடையை, ஆண்டுகள் சில கழித்து, முன்பின் அறியாத வேறொருவர் தம் கணினியில் மறுபடி போட்டுப் பார்ப்பார். 2003 ஜூனில் அந்த மறுசோதனை, கணக்கின் முடிவில் மிஞ்சும் மீதி உட்பட, அவர் விடையோடு இலக்கம் பிசகாமல் ஒத்துப்போனது. அன்று சிறுமலை வாழைப்பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார். “இல்லைன்னாலும் தப்பில்லாம இல்லைன்னு சொல்லியிருக்கேன் சார். நம்ம ஊரு கரண்டுல!”

அவர் இறந்த அன்றும் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. எழுதினால் அறுபது லட்சம் இலக்கத்தைத் தாண்டும். குளிர்பெட்டியை வைக்க வந்த உறவினர் ஒருவர் கணினியின் இணைப்பைப் பிடுங்கப் போனார். சாரின் மனைவி அற்புதமேரி அழுகையை நிறுத்தி நிமிர்ந்தார்.

“அத அமத்தாதப்பா. அவுக நம்பர் ஓடுது. பொட்டிக்குப் பக்கத்து வீட்டுல கரண்டு எடுத்துக்க.”

அணைத்தாலும் அதுவரை கணக்கிட்டதைக் கணினி காத்து வைத்திருக்கும், எதுவும் பாழாகாது. அதை நான் அப்போது சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சன்னல் வழியாக ஒயர் வந்தது.

அடக்கம் முடிந்ததும் கணினியைக் கோயம்புத்தூருக்கு எடுத்துச் செல்ல மகன் விரும்பினார். எண் முடியட்டும் என்றார் அந்த அம்மா. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏப்ரல் 8, பெரிய வியாழனன்று முடிந்தது. பகா எண் இல்லை.

“பலிக்கலையா சார்?”

“இல்லைங்கம்மா.”

“அப்ப அடுத்ததப் போடுங்க” என்றார். மகனும் மறுக்கவில்லை.

விடையை மறுநாளே பிரவுசிங் சென்டரிலிருந்து சாரின் பெயரிலேயே அனுப்பினேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு காத்திருப்பு. எங்கோ ஒருவர் அவ்வெண்ணை மறுபடி போட்டுப் பார்த்து, சூசைமாணிக்கம் சொன்னது சரி என்று சொல்ல வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் ஆகலாம். எனக்கு எழுபத்தொன்று நடக்கிறது. இருந்து பார்ப்பதாக உத்தேசம்.