முட்டையே போடாத புழு

ஃப்ளோரன்ஸின் கண்ணிலிருந்து எந்தப் புழுவும் தப்ப முடியாது என்று ராயபுரத்தில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் இன்னும் அவளிடம் மலப் பரிசோதனை டப்பா கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் லேபில் மைக்ராஸ்கோப் பார்ப்பவள். வயிற்றில் என்ன புழு என்று அதன் முட்டையை வைத்தே சொல்லிவிடுவாள். முட்டை இல்லையென்றால் புழுவும் இல்லை.

அந்தக் கெத்துதான் வீட்டில் வினையாக முடிந்தது.

அவள் புருஷன் பாஸ்கல் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது காலை முறித்துக்கொண்டவன். கட்டுப் பிரித்து மாதக்கணக்காகியும் வாசற்படி தாண்டவில்லை. அவன் நொண்டுவதை நாலு பேர் பார்க்கக் கூடாதாம். அவன் பேச்செல்லாம் கண்ணாடித் தொட்டியிலிருந்த தங்கமீன்களோடுதான். அவையும் கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து, மேலெல்லாம் வெள்ளையாகச் சளி படர்ந்து, ஒவ்வொன்றாகச் செத்தன. ஃப்ளோரன்ஸ் தொட்டியின் அடித்தண்ணீரை லேபுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தாள். முட்டை எதுவும் இல்லை. "புழுலாம் ஒண்ணுமில்ல, தண்ணிதான் கலீஜு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பாவம், அவனும் நம்பித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரே ஒரு மீன் மிஞ்சியது. அன்றைக்கு மனுஷன் சோறு தின்னவில்லை.

ஃப்ளோரன்ஸுக்குப் பொறுக்கவில்லை. மீனின் மேல்சளியையே லேசாகச் சுரண்டி, ஈரம் காய்வதற்குள் லேபுக்கு ஓடினாள்.

புழு நெளிந்துகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் முட்டையைத்தான் தேடினாள். முட்டைக்குப் பதில் அதன் வயிற்றுக்குள், மீன்தோலைக் கவ்வும் கொக்கியோடு இன்னொரு புழு மடங்கிக் கிடந்தது. அந்தக் குட்டியின் வயிற்றிலும் பொடியாக ஒரு கொக்கி. பிள்ளை பிறப்பதற்கு முன்பே பேத்தி தயார். வெட்கம் பிடுங்கித் தின்றாலும் அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"யோவ், நான் சொன்னது தப்பு. மீன்மேல புழு கீது. முட்டையே போடாது, குட்டிதான். அந்தக் குட்டி வயித்துலயும் குட்டி கீதுய்யா."

"இங்க மீன் சாவுது, நீ புழுவுக்குப் பிரசவம் பாத்துகினு கீறியா?"

உப்பில் புழு சாகும் என்று வளர்ப்புமீன் கடை ரஷீதிடம் அளவு கேட்டு, வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீர் கரைத்தாள். அதில் விட்டதும் மீன் ஒருக்களித்துச் சாய்ந்தது. பாஸ்கல் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சட்டென்று எடுத்து நல்ல தண்ணீர் வாளியில் விட்டார்கள்.

காலையில் மீன் தீனி கேட்டு மேலே வந்தது.

"முட்டை எங்கனா ஒளிஞ்சுகினு இருந்து திரும்ப வந்துட்டா?"

"முட்டையே இல்லியேய்யா. மீன்மேல இருந்தது செத்துச்சுன்னா வம்சமே போச்சு. தொட்டில உதிந்து கெடக்குறதும் சாவணும், அத மட்டும் கொஞ்ச நாள் காயப்போடு."

பாஸ்கல் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் புழு ஒண்ணாவது வச்சிருக்கியா, பாக்க?"

"லேபுல கீது, சாயம் போட்டு."

அவன் சட்டையை மாட்டினான். தெருவில் அவன் நொண்டி வருவதைப் பார்த்து நின்றவர்களிடமெல்லாம், "பேத்தியையும் வயித்துல தூக்கிகினு கீற புழுவாம், பாக்கப் போறேன்" என்று தானாகவே சொல்லிக்கொண்டு நடந்தான்.