பாக்கெட் வாலா

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்து டெல்லி முழுக்கப் புகை இறங்கியிருந்த நாட்களில் நடந்தது இது. நாங்கள் துவாரகாவில் ஒரு சொசைட்டி ஃப்ளாட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். எனக்கு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. என் கணவர் ராணுவ பேண்டில் இருபத்துநான்கு வருடம் ட்ரம்பெட் வாசித்துவிட்டு ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் ஊர் வேலூர்ப் பக்கம்.

ராணுவ பேண்ட் என்றால் நிறைய பேர் வரிசையாக நின்று வாசிப்பார்களே, அதில் அவர் எப்போதும் மூன்றாவது வரிசை. ஒரு தடவைகூடத் தனியாக நின்று வாசித்ததில்லை. அதைப் பற்றி அவர் புலம்பியதும் இல்லை. வாத்தியம் சர்க்காருடையது என்பதால், ஓய்வு பெற்ற அன்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். பிறகு பழைய ட்ரம்பெட் ஒன்றை வாங்கிக்கொண்டு, தன்னைப்போல் ஓய்வு பெற்ற பேண்ட்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவுக்குச் சனிக்கிழமைதோறும் போய்வந்தார்.

அந்த வருடம் டிசம்பர் கச்சேரியில் பழைய ஐரோப்பிய இசை ஒன்றை வாசிப்பதாக இருந்தார்கள். அதில் ட்ரம்பெட் தனியாக, மிக உயரத்தில் பாட வேண்டும். அதற்குப் பிக்கோலோ ட்ரம்பெட் என்று ஒன்று தேவை. நீங்கள் அதை வாங்கிவிட்டால் அந்த இடம் உங்களுக்குத்தான் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு வந்த முதல் வாய்ப்பு அது.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சுதான். வெளிநாட்டுக் கம்பெனியுடையது நம்மால் முடியாது, லட்சக்கணக்கில் போகும். சீனாவில் செய்தது மலிவு, ஆனால் வால்வு சிக்கிக்கொள்ளும். பழையது கிடைத்தால் உத்தமம். விரலால் அழுத்தும் பட்டன் மூன்று இருந்தால் போதாது, நாலு இருக்க வேண்டும். இப்படி ஏதேதோ சொல்வார். நான் ஒரு கையால் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டு இன்னொரு கையால் ஃபோனைத் தள்ளிக்கொண்டே "ம், ம்" என்பேன். இதையெல்லாம் அவர் அப்போதே சொன்னார் என்பது எனக்குப் பின்னால்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு என் மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்றுதான்: சின்ன ட்ரம்பெட்.

மகளின் ஹாஸ்டல் செலவை நினைத்து அவர் தயங்கிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பால்கனியில் நின்று தலைவரிடம் ஃபோனில், "ரெஹ்னே தீஜியே சார்" என்று தொடங்கி, இருக்கட்டும், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று இந்தியில் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நான் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை அவர் ஒத்திகைக்குப் போனதும், அவருக்குத் தெரியாமல் மெட்ரோ பிடித்துத் தரியாகஞ்ச் போனேன். அங்கே வாத்தியக் கடைகள் உண்டு.

என் இந்தியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. டெல்லிக்கு வந்த புதிதில் கரோல் பாகில் துணிக்கடைக்காரர்களோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்ட இந்தி அது. பேரம் பேசுவதில் என்னை யாரும் ஏய்க்க முடியாது என்று நானே சொல்லித் திரிவேன். கடைக்குள் போய், "பையா, சோட்டா ட்ரம்பெட் திகாவோ", சின்ன ட்ரம்பெட் காட்டுங்கள் என்றேன். பிக்கோலோ என்ற வார்த்தை அந்த நேரத்தில் நாக்கில் வரவில்லை.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பாக்கெட் வாலா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. என் நூல் புடவையையும் தோள்பையையும் பார்த்து, பாக்கெட்டுக்கு ஏற்ற மாதிரி மலிவானது வேண்டுமா என்று கேட்கிறார் என்றே நினைத்தேன். இருந்தாலும் உண்மை அதுதானே, இதில் ரோஷம் என்ன என்று, "ஹாங் ஜி, பாக்கெட் வாலா ஹீ சாஹியே", ஆமாம், அதேதான் வேண்டும் என்று வீறாப்பாகச் சொன்னேன்.

அவர் உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் அளவு. பளபளவென்று அழகாக இருந்தது. யாருக்கு, எதற்கு என்று அவர் ஏதோ கேட்க ஆரம்பித்தார். பேச்சை வளர்த்து விலையை ஏற்றப் பார்க்கிறார் என்று நினைத்து, "வோ சப் சோடோ, ஜல்தி தாம் போலோ", அதையெல்லாம் விடுங்கள், சீக்கிரம் விலையைச் சொல்லுங்கள் என்று அவர் வாயை அடைத்தேன். அரை மணி நேரம் பேரம் பேசி, நான் நினைத்துப் போனதைவிடக் குறைவாகவே முடித்தேன். திரும்பி வரும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு துவாரகா வரை நின்றுகொண்டே வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் அவர் வந்ததும் மேஜைமேல் வைத்தேன். பெட்டியைத் திறந்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஆனந்தத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன். "பில் எங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். "பில்லு எதுக்கு? வெலைய பாத்து மயக்கம் போடறதுக்கா? மொதல்ல ஊதிக் காட்டுங்க" என்று வற்புறுத்தினேன். தயங்கித் தயங்கி வாயில் வைத்து ஊதினார். "நல்லா இருக்கும்மா" என்றார். அதோடு விட்டேனா? அவர் ஃபோனை எடுத்துக் குழுத் தலைவரை நானே கூப்பிட்டு, வாங்கியாகிவிட்டது, அவர்தான் வாசிப்பார் என்று பெருமையடித்தேன்.

மறுநாளிலிருந்து சாதகம் ஆரம்பித்தது. புகைக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக வாத்தியத்தின் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு மணிக்கணக்காக ஊதுவார். உயரத்துக்குப் போகும்போது முகமெல்லாம் ரத்தம் ஏறிவிடும். பாதியில் சத்தம் கீறி நின்றுபோகும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். மூன்றாவது வாரம் அவர் மேலுதடு வீங்கியிருந்தது. வாஷ்பேசினில் ரத்தக் கறையைப் பார்த்துக் கேட்டதற்கு, குளிரில் வெடித்துவிட்டது என்றார். நானும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒத்திகையிலிருந்து வந்தவர், ஷூவைக் கழற்றிக்கொண்டே, அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். தனக்கு மூச்சு போதவில்லையாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்ன பேசினேன் என்று எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். "கடைசி வரிசைலயே நின்னு பழகிட்டீங்க. முன்னாடி வான்னா ஒதறுது. வாங்கிட்டு வந்தேன் பாருங்க, நான்தான் முட்டாள்" என்றேன்.  அவர் வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

கச்சேரி மந்திர் மார்க் பக்கம் ஒரு ஹாலில் நடந்தது. போகவே மனமில்லை, அவர் கூப்பிட்டதால் போனேன். அவர் வழக்கம்போலக் கடைசி வரிசையில் தன் பழைய ட்ரம்பெட்டோடு உட்கார்ந்திருந்தார். வேறொருவர் முன்னால் வந்து சின்ன ட்ரம்பெட்டில் வாசித்தார். சன்னமான சத்தம், ஆனால் சிரமமே இல்லாமல் கூரை வரை ஏறியது. 

இடைவேளையில் டீ கொடுத்தார்கள். குழுத் தலைவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போய், எங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒன்று சும்மா கிடக்கிறது என்று இந்தியில் குத்தலாகச் சொன்னேன். அவர் டீ கப்பைக் கீழே வைத்தார்.

"மேடம், வோ பிக்கோலோ நஹீ ஹை. ஆப்கா தோ பாக்கெட் ட்ரம்பெட் ஹை" என்றார். அது பிக்கோலோ இல்லை, உங்களுடையது பாக்கெட் ட்ரம்பெட் என்று.

பாக்கெட் ட்ரம்பெட் என்று ஒன்று தனியாகவே இருக்கிறதாம். சாதா ட்ரம்பெட்டின் குழாயையே நெருக்கிச் சுருட்டிச் சின்னதாக்கியது. குழாயின் நீளம் அதேதான், ஸ்வரமும் அதேதான். பிக்கோலோவுக்குக் குழாயே பாதி நீளம், அதனால்தான் அது ஒரு ஸ்தாயி மேலே பேசுகிறது. அதில் சுலபமாக வருவதைப் பாக்கெட் ட்ரம்பெட்டில் வாசிக்க வேண்டுமென்றால் உதட்டின் பலத்திலேயே இழுத்தாக வேண்டும். என் கணவர் அதைத்தான் ஒரு மாதம் செய்து பார்த்திருக்கிறார். உதடு கிழிந்துவிடும், நிறுத்துங்கள் என்று தலைவரே கெஞ்சியிருக்கிறார். பெட்டியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து, மாற்றிக்கொண்டு வரலாமென்று இவர் கடைக்கும் போயிருக்கிறார். ஒரு தடவை வாய் வைத்து ஊதியதைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டுக்கொண்டாராம்.

கடைக்காரர் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மனிதர் என் புடவையைப் பார்த்து எதையும் கேட்கவில்லை. வாத்தியத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். இடைவேளைக்குப் பிறகு என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

திரும்பும்போது மெட்ரோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்தது. 

"சொல்லிருந்தா நீ, 'நான் என்ன வாங்கிட்டு வந்தாலும் அதுல குத்தம் கண்டுபுடிக்கிறதே உங்க வேலை'ன்னு கத்திருப்ப" என்றார். கோபமே இல்லாமல், நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.  நான் அப்படித்தான் கத்தியிருப்பேன்.

உதட்டுத் தசை நைந்துவிட்டது என்றார் டாக்டர். ஆறு மாதம் ஓய்வு கொடுத்தும் பழையபடி வரவில்லை. பத்து நிமிடம் ஊதினாலே மரத்துப்போகிறது. அடுத்த குளிர்காலத்துக்குள் குழுவிலிருந்தும் நின்றுவிட்டார். உண்மையான பிக்கோலோவே வாங்கித் தருகிறேன் என்று ஒரு நாள் அழுதுகொண்டே சொன்னேன். "எதுக்கும்மா இனிமே" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

இப்போதெல்லாம் சாப்பாட்டு மேஜையில் நான் ஃபோனைத் தொடுவதே இல்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் எதைச் சொன்னாலும் முழுதாகக் கேட்பதற்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறேன். அவர்தான் உப்பு, ஊறுகாய் தவிர எதையும் கேட்பதில்லை, எதையும் சொல்வதுமில்லை.